சைக்ளோஸ்போரின் அளவு உண்மையிலேயே ஏறியதா, ரத்தக் கொழுப்பு காட்டும் தோற்றமா?

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையாருக்கு வயது 63. 2006-ஆம் ஆண்டில் என் அத்தை கொடுத்த சிறுநீரகம் அவருக்குப் பொருத்தப்பட்டது. அன்றிலிருந்து, புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் சைக்ளோஸ்போரினைக் காலையும் இரவும் 75 மி.கி. வீதம் எடுத்துவருகிறார், உடன் மைகோபினோலேட்டும், சிறிய அளவில் பிரெட்னிசலோனும் உண்டு. பல ஆண்டுகளாக அவருடைய டிரஃப் அளவு, அதாவது அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்பு எடுக்கும் ரத்தத்தில் உள்ள மருந்தின் அளவு, மில்லி லிட்டருக்கு 90 முதல் 110 நானோகிராம் வரை இருந்துவந்தது. சென்ற வாரம் அது 165 என்று வந்திருக்கிறது. மாத்திரை அளவில் எந்த மாற்றமும் இல்லை. சிறுநீரகம் எப்படி வேலைசெய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் வழக்கம்போல 1.3.

அதே நாள் எடுத்த கொழுப்புப் பரிசோதனையில் டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 640 மி.கி., மொத்தக் கொலஸ்ட்ரால் 285 மி.கி. என்று இருந்தது. அறிக்கையின் கீழே, சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் நீர்மம்) பால்போல் கலங்கியிருந்ததாக ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்கள். எங்கள் ஊரில் வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், சைக்ளோஸ்போரினை ஒரு வேளைக்கு 50 மி.கி. ஆகக் குறைத்துவிடலாம் என்கிறார். சிறுநீரகம் பொருத்திய மருத்துவமனையில் தொலைபேசியில் கேட்டபோது, எதையும் குறைக்காமல் நேரில் வருமாறு சொன்னார்கள். அதற்கு இன்னும் 9 நாள் இருக்கிறது.

நான் பள்ளியில் வேதியியல் கற்பிப்பவன். சைக்ளோஸ்போரின் கொழுப்பில் கரையும் மருந்து என்பது தெரியும். ரத்தத்தில் கொழுப்பு மிகுந்தால் மருந்தும் அதில் போய்த் தங்கி, அளவு மட்டும் கூடுதலாகத் தோன்றுமா? அல்லது உடம்பில் மருந்து உண்மையாகவே மிகுந்துவிட்டதா? மருந்தை எவ்வளவு எடுக்க வேண்டும் என்று இங்கே கேட்கவில்லை. அதை மருத்துவமனை முடிவுசெய்யும். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு போக விரும்புகிறேன்.

---

குப்பியும் அளவும் எழுதியது:

நான் மருந்தியல் கற்பிப்பவள். உங்கள் கேள்வியை எங்கள் முதுநிலை மாணவர்களிடம் கேட்டால் பாதிப்பேர் தவறாகத்தான் விடை சொல்வார்கள், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ரத்தம் நீர்மயமானது, கொழுப்பு அதில் கரையாது. எனவே கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடும் புரதப் போர்வை போர்த்திய சிறு துகள்களாகத்தான் ரத்தத்தில் பயணம் செய்கின்றன. இவற்றை லிப்போபுரதங்கள் என்கிறோம்: உண்ட கொழுப்பைக் குடலிலிருந்து கொண்டுவரும் கைலோமைக்ரான், கல்லீரல் செய்து அனுப்பும் வி.எல்.டி.எல்., பிறகு நாம் அறிக்கைகளில் பார்த்துப் பழகிய எல்.டி.எல்., எச்.டி.எல். கொழுப்பை விரும்பும் மருந்துகளும் இந்த வண்டிகளில் ஏறிக்கொள்கின்றன. சைக்ளோஸ்போரின் 11 அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு. பெப்டைடாக இருந்தும் நீரை அறவே விரும்பாது. ரத்தத்தில் ஏறக்குறைய பாதி சிவப்பணுக்களுக்குள்ளும், சிறு பங்கு வெள்ளையணுக்களிலும், எஞ்சியது செல்கள் நீங்கலான ரத்த நீர்மமாகிய பிளாஸ்மாவிலும் இருக்கும். பிளாஸ்மாவில் இருப்பதில் சுமார் 90 விழுக்காடு புரதங்களோடு, குறிப்பாக லிப்போபுரதங்களோடு, பிணைந்திருக்கும். எதோடும் பிணையாமல் தனித்துத் திரிவது மிகச் சிறு பங்கே. செல்லுக்குள் நுழைந்து வேலை செய்வதும், கல்லீரல் நொதிகளிடம் சிக்கி அழிவதும் பெரும்பாலும் அந்தச் சிறு பங்குதான். ஆனால் ஆய்வகம் உங்களுக்குக் கொடுக்கும் 165 என்பது எல்லாவற்றையும் சேர்த்த கூட்டுத்தொகை.

இப்போது ஒரு பானையைக் கற்பனை செய்யுங்கள். மேலே குழாயிலிருந்து நீர் சொட்டுகிறது. அது நாள்தோறும் உட்கொள்ளும் மருந்து. அடியில் ஓர் ஓட்டை, அது கல்லீரல். சொட்டுவதும் ஒழுகுவதும் சமமாகும் ஒரு மட்டத்தில் நீர் நின்றுவிடும். இப்போது பானைக்குள் ஒரு பெரிய பஞ்சை அமிழ்த்துகிறோம். பஞ்சு உறிஞ்சியதால் மட்டம் சற்று நேரம் இறங்கும், ஒழுகுவதும் குறையும்; ஆனால் குழாய் நிற்காமல் சொட்டிக்கொண்டே இருப்பதால் சில நாளில் பஞ்சு நனைந்து நிறைந்து, மட்டம் பழைய இடத்துக்கே வந்துவிடும். அப்போது பானையைத் தராசில் வைத்துப் பார்த்தால் எடை கூடியிருக்கும். மட்டமோ கூடவில்லை. ரத்தக் கொழுப்பு அந்தப் பஞ்சு; ஆய்வக அறிக்கை அந்த எடை; சிறுநீரகத்தைக் காப்பது அந்த மட்டம். எடை கூடிவிட்டதே என்று குழாயை அடைத்தால் மட்டம் இறங்கும். பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்க அதுவே வழிவிடும். கொழுப்பு மிகுந்த நோயாளியிடம் மொத்த அளவை மட்டும் பார்த்து மருந்தைக் குறைப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் உங்களைத் தவறான வழியில் அனுப்பியவள் ஆவேன். உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். முன்பு மொத்தம் 100 என்றால், சிவப்பணு முதலிய செல்களில் சுமார் 60, பிளாஸ்மாவில் சுமார் 40 என்று கொள்ளலாம். செல்களில் உள்ள மருந்து, தனித்த மருந்தோடுதான் சமநிலையில் இருக்கிறது. தனித்த மருந்து மாறாவிட்டால் அந்த 60-உம் மாறாது. ஆகவே கொழுப்பு ஏறியதால் பிளாஸ்மாவின் பிடிமானம் இரு மடங்கானாலும் மொத்தம் 140 தான் வரும். 165 வரவேண்டுமானால் அது இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்ந்திருக்க வேண்டும். இது வெறும் கைக்கணக்கு. இருந்தாலும் கொழுப்பின் தலையிலேயே முழுப் பழியையும் போட எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அண்மையில் வேறு ஏதாவது மருந்து சேர்த்தார்களா? டில்டியாசெம், வெரபாமில், பூஞ்சைத் தொற்றுக்கான மாத்திரைகள், கிளாரித்ரோமைசின் போன்றவை சைக்ளோஸ்போரினை அழிக்கும் நொதியைத் தடுப்பவை. அவை பானையின் ஓட்டையையே சுருக்குகின்றன. அப்போது உயர்வது மட்டமேதான்.

---

சோதனைக்குழாய் எழுதியது:

ஐயா, மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் 22 ஆண்டுகளாக இருக்கிறேன். அம்மா எழுதியதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அன்று ரத்தம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள், காலை மருந்து எத்தனை மணிக்கு எடுத்தார்? டிரஃப் அளவு வழக்கத்துக்கு மாறாக வந்தால் பத்தில் பாதி முறை காரணம் நேரம்தான் என்று என் அனுபவம் சொல்கிறது. சைக்ளோஸ்போரின் விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்துக்கு ஏறிவிடும். முந்தின இரவு 9 மணிக்கு எடுப்பவர் ஒருநாள் 11 மணிக்கு எடுத்தாலே காலை 8 மணி அளவு கூடுதலாக வரும்.

அடுத்தது, பால்போல் கலங்கிய சீரம். டிரைகிளிசரைடு 300-ஐத் தாண்டினாலே கலங்கல் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். 640-க்குச் சொல்லவே வேண்டாம். கலங்கிய சீரம் ஒளியைச் சிதறடிக்கும். ஒளியை ஊடுருவச் செய்து அளக்கும் பரிசோதனைகள் பலவும் அப்போது தடுமாறும். சோடியத்துக்கு வேறொரு சிக்கல். பிளாஸ்மாவில் வழக்கமாக 93 விழுக்காடு நீர். கொழுப்பு மிகும்போது நீரின் பங்கு குறைகிறது. நீரில் மட்டும் கரைந்திருக்கும் சோடியத்தை, மாதிரியை நீர்த்துப்போகச் செய்து அளக்கும் கருவிகள் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டிரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் போனால்தான் இது பெரிதாகும். உங்கள் தந்தையாருக்கு அந்தக் கவலை இல்லை.

சைக்ளோஸ்போரினைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல்: அதைச் சீரத்தில் அளப்பதில்லை, முழு ரத்தத்தில் அளக்கிறோம். குழாய் குளிர்ந்தாலோ சூடானாலோ மருந்து சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் இடையே இடம்பெயர்ந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்து அளப்பதே வழக்கம். முதலில் செல்களை உடைத்து, புரதத்தைப் படியவைத்து, மருந்தைப் பிரித்தெடுத்துவிடுகிறோம். ஆகையால் கலங்கல் நேரடியாக இடையூறு செய்வது குறைவு. ஆனால் எந்த முறையில் அளந்தார்கள் என்பதைக் கேளுங்கள். எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் இம்யூனோ அஸ்ஸே முறைகள், மருந்து சிதைந்து உண்டான பொருள்களையும் சேர்த்துப் பிடிப்பதால் சற்றுக் கூடுதலாகக் காட்டும்; மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி மூலமருந்தை மட்டும் தனியே காட்டும். முன்பு ஓரிடத்தில் ஒரு முறையிலும், இப்போது வேறிடத்தில் வேறு முறையிலும் அளந்திருந்தால் இரண்டு எண்களையும் ஒப்பிடவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கலங்கிய சீரம் வந்தால் அதிவேக மையவிலக்கியில் சுழற்றி, மேலே மிதக்கும் கொழுப்பு ஏட்டை நீக்கிவிட்டுக் கீழே உள்ள தெளிவை அளப்பது எங்கள் துறையில் வழக்கமான உத்தி. குளுக்கோசுக்கும் யூரியாவுக்கும் அது சரி. கொழுப்பில் தங்கும் மருந்துக்கு இதைச் செய்தால், அளக்க வேண்டிய பொருளையே ஏட்டோடு சேர்த்து வழித்து எறிந்ததாகிவிடும். புதிதாகச் சேரும் பணியாளர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதை.

---

மயக்கவியலார் எழுதியது:

ரத்தத்தில் உள்ள கொழுப்பு மருந்தை இழுத்துவைத்துக்கொள்ளும் என்பதைக் கண்ணெதிரே காண வேண்டுமானால் அறுவை அரங்குக்கு வர வேண்டும். நரம்பைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் ஊசியில் புபிவக்கெயின் என்ற மருந்து பயன்படுகிறது. அது தவறி ரத்தக்குழாய்க்குள் பெருமளவில் போய்விட்டால் வலிப்பு வரும், பிறகு இதயம் நிற்கும். அப்படி நின்ற இதயத்தை மீட்பது முன்பு பெரும்பாடாக இருந்தது. 1998-இல் அமெரிக்காவின் கை வைன்பெர்க்கும் அவர் குழுவினரும், முன்கூட்டியே கொழுப்புப் பால்மம் (நீரில் நுண்துளிகளாகக் கலந்த எண்ணெய்) ஏற்றப்பட்ட எலிகளின் இதயம் நிற்பதற்கு மிகுந்த அளவு புபிவக்கெயின் தேவைப்படுவதைக் கண்டார்கள். 2006-இல் மனிதரிடம் இது உயிர்காத்த நிகழ்வுகள் வெளியாயின. இன்று இத்தகைய மரத்துப்போகச் செய்யும் ஊசி (மரப்பூசி) போடும் இடங்களில் 20 விழுக்காடு கொழுப்புப் பால்மம் கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும் என்பது நெறி. உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மி.லி. உடனே செலுத்தி, பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மி.லி. வீதம் தொடர்வார்கள். வாயால் உண்ண முடியாதவர்களுக்கு ஊட்டத்துக்காக ஏற்றும் அதே சோயா எண்ணெய்ப் பால்மம்தான் இது.

இங்கே ஒரு கணக்கு என்னை ஈர்க்கிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு முதலில் செலுத்துவது 90 மி.லி.; அதில் கொழுப்பு 18 கிராம். நண்பர் கரிசல்மண்ணின் தந்தையாருக்கு டிரைகிளிசரைடு 640 மி.கி. என்றால், பிளாஸ்மா சுமார் 3 லிட்டர் என்று கொண்டால், அவர் ரத்தத்தில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருப்பது ஏறத்தாழ 19 கிராம். ஒருவர் உயிரைக் காக்க நாங்கள் அவசரமாகச் செலுத்தும் கொழுப்பு, வேறொருவரிடம் சத்தமில்லாமல் அன்றாடம் சுற்றிவருகிறது!

அப்படியானால் கொழுப்பு மிகுந்தவருக்கு மரப்பூசியின் நஞ்சிலிருந்து பாதுகாப்பு உண்டா என்று என் இளநிலை மருத்துவர் ஒருவர் கேட்டதுண்டு. அப்படி நம்பி எவரும் மருந்தளவை மாற்றக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, குப்பியும் அளவும் அம்மையார் சொன்ன பானையிலேயே இருக்கிறது. நாங்கள் செய்வது நிறைந்திருக்கும் பானைக்குள் உலர்ந்த பஞ்சைச் சட்டென்று அமிழ்த்துவது. அந்தச் சில நிமிடங்களில் மட்டம் இறங்குகிறது, இதயத்தையும் மூளையையும் பிடித்திருந்த மருந்து ரத்தத்துக்குத் திரும்புகிறது. கொழுப்புத் துளிகள் அதைச் சுமந்துபோய்த் தசையிலும் கல்லீரலிலும் இறக்கிவைக்கின்றன. பால்மம் இதயத் தசையை நேரடியாகத் தூண்டுவதும் உண்டு என்று இப்போது கருதுகிறார்கள். நாள்தோறும் மருந்து உட்கொள்பவரின் பஞ்சோ ஏற்கெனவே நனைந்து நிறைந்தது.

எங்கள் துறையில் மருந்தே கொழுப்பாக வருவதும் உண்டு. மயக்கத்துக்குக் கொடுக்கும் புரோபோபால் 10 விழுக்காடு சோயா எண்ணெய்ப் பால்மத்தில் கலந்த வெள்ளைத் திரவம். ஒரு மில்லி லிட்டருக்கு 1.1 கிலோகலோரி. தீவிர சிகிச்சைப் பிரிவில் நாள்கணக்கில் ஏற்றும்போது டிரைகிளிசரைடை அளந்துபார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

---

வைகைக்கரை எழுதியது:

இடையில் ஒரு சிறு கேள்விக்கு மன்னிக்கவும். என் மகள் வலிப்புக்காக வால்புரோயேட் எடுக்கிறாள். அதற்கும் இந்தக் கொழுப்புக் கணக்கு பொருந்துமா?

---

குப்பியும் அளவும் எழுதியது:

வைகைக்கரை அம்மாவுக்கு: அங்கே பாதை வேறு. வால்புரோயேட் லிப்போபுரதத்தில் ஏறுவதில்லை. ஆல்புமின் என்ற புரதத்தில் உட்காருகிறது. அதே ஆல்புமின்தான் உடல் எரிபொருளாகப் பயன்படுத்தும் தனிக் கொழுப்பு அமிலங்களையும் சுமக்கிறது. வால்புரோயேட்டே வேதி அமைப்பில் கிளைவிட்ட ஒரு கொழுப்பு அமிலம் என்பதால் இருவருக்கும் இருக்கைப் போட்டி. நெடுநேரம் பட்டினி கிடந்தாலோ, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டாலோ கொழுப்பு அமிலங்கள் ரத்தத்தில் பெருகும். வால்புரோயேட்டின் தனித்த பங்கும் கூடும். சைக்ளோஸ்போரினில் கொழுப்பு மிகும்போது தனித்த பங்கு குறைகிறது, இங்கே கூடுகிறது, திசையே தலைகீழ். உங்கள் அறிக்கையில் உள்ள டிரைகிளிசரைடு எண் இந்தக் கொழுப்பு அமிலங்களைக் காட்டுவதன்று. மகளின் அளவு நிலையாக இருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கரிசல்மண் ஐயாவுக்கு ஒரு பின்குறிப்பு. கொழுப்பு குறைந்தாலும் இதே கதை மறுபக்கத்திலிருந்து நடக்கும். உண்மையில் மருத்துவ உலகம் முதலில் அஞ்சியது அதற்குத்தான். 1987-இல், கல்லீரல் மாற்றுப் பெற்றுச் சைக்ளோஸ்போரின் எடுத்தவர்களில் சிலருக்குக் குழப்பம், வலிப்பு, கோமா போன்ற மூளைக் கோளாறுகள் ஏற்பட்டதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியானது. அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டது கொலஸ்ட்ரால் மிகவும் தாழ்ந்திருந்தமை. வண்டி குறைந்தால் தனித்துத் திரியும் மருந்து கூடும் என்பது ஒரு விளக்கம். கொலஸ்ட்ரால் குறைந்த செல்கள் எல்.டி.எல். துகள்களைப் பிடிக்கும் வாயில்களை மிகுதியாகத் திறந்துவைக்கும், அந்த வழியே துகளோடு ஒட்டிய மருந்தும் உள்ளே போகும் என்பது இன்னொரு விளக்கம்.

இரண்டாவது விளக்கத்தைக் கவனியுங்கள். பிணைந்த மருந்து செயலற்றது என்று நான் முன்பு எழுதியது எப்போதும் பொருந்தும் விதியாகாது. ஆம்போடெரிசின் பி இதற்குச் சரியான சான்று. 2021-இல் கருப்புப் பூஞ்சை பரவியபோது ஊரே தேடியலைந்த மருந்து அது. பூஞ்சையின் செல்சுவரை ஒட்டிய சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. மருந்து அதைப் பற்றிக்கொண்டு பூஞ்சையைக் கொல்கிறது. நம் செல்களில் உள்ள கொலஸ்ட்ராலும் அதற்கு உறவுக்காரப் பொருள்தான் என்பதால் சிறுநீரகத்தைக் கெடுக்கவும் செய்கிறது. கொழுப்பு மிகுந்த எலிகளுக்கும் முயல்களுக்கும் இம்மருந்தைக் கொடுத்தபோது சிறுநீரகப் பாதிப்பு கூடியது. எச்.டி.எல்.-ஐ விட எல்.டி.எல்.-இல் ஏறிய மருந்து சிறுநீரகச் செல்களுக்குக் கூடுதலாகத் தீங்கு செய்ததாகவும் ஆய்வகச் சோதனைகள் காட்டின. வண்டி செல்லின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறது. பிற்பாடு மருந்தை லிப்போசோம் என்ற செயற்கைக் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுத்தபோது அதே சிறுநீரகத் தீங்கு வெகுவாகக் குறைந்ததையும் நினைத்துப்பாருங்கள். கொழுப்பில் ஏறுகிறதா என்பதோடு எந்தக் கொழுப்பில் ஏறுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

---

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ரத்தம் எடுத்தது காலை 8.30 மணி, முந்தின இரவு மருந்து 8.30-க்கு, காலை மருந்து பரிசோதனைக்குப் பிறகுதான். ஆய்வகமும் பழையதுதான். ஆனால் குப்பியும் அளவும் அம்மா கேட்ட கேள்விக்காக மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் பார்த்ததில், ஏழு வாரங்களுக்கு முன்பு ரத்த அழுத்தத்துக்காக உள்ளூரில் டில்டியாசெம் சேர்த்திருக்கிறார்கள். இதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும்; அழுத்த மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நினைத்துவிட்டேன்.

இன்னொன்று. கொழுப்புக்காக அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் வாங்கவில்லை.

---

குப்பியும் அளவும் எழுதியது:

வாங்காமல் இருந்தது நல்லது. அந்தச் சீட்டைச் சிறுநீரகம் பொருத்திய மருத்துவமனையில் காட்டாமல் தொடங்க வேண்டாம். இன்றே தொலைபேசியில் அவர்களிடம் சொல்லிவிடுங்கள், டில்டியாசெம் பற்றியும்.

அட்டோர்வாஸ்டாட்டின் போன்ற கொலஸ்ட்ரால் குறைப்பு மருந்துகளை ஸ்டாட்டின் என்பார்கள். ஸ்டாட்டின் கல்லீரலுக்குள் நுழைய ஒரு வாயிற்புரதம் தேவை. சைக்ளோஸ்போரின் அந்த வாயிலை அடைத்துவிடுகிறது. கல்லீரலுக்குப் போக வேண்டிய ஸ்டாட்டின் ரத்தத்திலேயே பன்மடங்கு தேங்கித் தசைகளைச் சிதைக்கக்கூடும். சிம்வாஸ்டாட்டினைச் சைக்ளோஸ்போரினோடு சேர்க்கவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினையும் தவிர்க்கச் சொல்கிறது அமெரிக்க மருந்துக் குறிப்பு. ரோசுவாஸ்டாட்டின் என்றால் நாளுக்கு 5 மி.கி.-க்கு மேல் கூடாது. இதில் டில்டியாசெமும் சேர்ந்தால் அட்டோர்வாஸ்டாட்டினை அழிக்கும் நொதியும் தடைபடும். மாற்றுச் சிறுநீரகத்தோடு சைக்ளோஸ்போரின் எடுப்பவர்களிடம் நன்கு ஆராயப்பட்ட ஸ்டாட்டின் புளுவாஸ்டாட்டின். 2,102 பேரைக் கொண்ட அலர்ட் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. டிரைகிளிசரைடுக்கென்று ஜெம்பைப்ரோசில் எழுதித் தந்தாலும் கவனம் தேவை. அதையும் செரிவாஸ்டாட்டினையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு ஏற்பட்ட தசைச் சிதைவு, 2001-இல் செரிவாஸ்டாட்டின் சந்தையிலிருந்தே விலக்கப்பட முக்கியமான காரணங்களில் ஒன்று. உடல் எடைக்காக விற்கும் ஓர்லிஸ்டாட் மாத்திரையை எவராவது பரிந்துரைத்தால் அதையும் மறுத்துவிடுங்கள். குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும்போது சைக்ளோஸ்போரினையும் சேர்த்தே தடுத்துவிடும்.

இப்போது உங்கள் 165-க்கு வருவோம். டில்டியாசெம் ஓட்டையைச் சுருக்கியது. கொழுப்பு பஞ்சைப் பெருக்கியது. இரண்டும் ஒரே எண்ணைத்தான் உயர்த்தும், பொருள்தான் வேறு. முதலாவது உயர்த்திய பங்கு உண்மையான மருந்து மிகுதி. அது சிறுநீரகத்தை நெருக்கும், அழுத்தத்தை ஏற்றும், கை நடுக்கம் தரும். இரண்டாவது உயர்த்திய பங்கு பெரிதும் தோற்றம். சைக்ளோஸ்போரினே ரத்தக் கொழுப்பை ஏற்றும் மருந்து, பிரெட்னிசலோனும் அப்படியே. ஆகவே டில்டியாசெமால் மருந்து கூடி, அந்த மருந்தால் கொழுப்பும் கூடி, அந்தக் கொழுப்பால் எண் இன்னும் கூடியிருக்கவும் இடமுண்டு. சர்க்கரையையும் தைராய்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். டிரைகிளிசரைடு இவ்வளவு ஏறியதற்கு அங்கேயும் காரணம் இருக்கலாம்.

---

கரிசல்மண் எழுதியது (இரண்டு மாதங்களுக்குப் பிறகு):

நடந்ததைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். தொலைபேசியில் டில்டியாசெம் பற்றிச் சொன்னதும் மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தபோது இலேசான நடுக்கம் இருந்தது. அப்பா அதை முதுமை என்று நினைத்து எங்களிடம் சொல்லவே இல்லை. டில்டியாசெமை நிறுத்தி அம்லோடிபின் கொடுத்தார்கள். சைக்ளோஸ்போரின் அளவைத் தொடவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 8.4 விழுக்காடு என்று வந்ததால் அதற்கும் மருத்துவம் தொடங்கினார்கள். பிறகு குறைந்த அளவில் புளுவாஸ்டாட்டின்.

நேற்று வந்த அறிக்கை: டிரைகிளிசரைடு 290, சைக்ளோஸ்போரின் 112, கிரியேட்டினின் 1.2. கை நடுக்கமும் இல்லை.

---

சோதனைக்குழாய் எழுதியது:

மகிழ்ச்சி ஐயா. ஆனாலும் ஆய்வகக்காரனுக்கு ஒரு மனக்குறை. டில்டியாசெமை நிறுத்தியதும் கொழுப்பைக் குறைத்ததும் ஒரே காலத்தில் நடந்துவிட்டன. 165-க்கும் 112-க்கும் இடையே உள்ள 53-இல் எது எவ்வளவு என்று இனி எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

---

கரிசல்மண் எழுதியது:

அந்தப் 53-ஐப் பிரிப்பதற்காக அப்பாவுக்கு மறுபடியும் டில்டியாசெம் கொடுத்துப் பார்க்க என் தாயார் சம்மதிக்க மாட்டார்கள். நடுக்கம் போனதை வைத்து, பெரும்பங்கு டில்டியாசெமுடையது என்று நான் எண்ணிக்கொள்கிறேன். அடுத்த பரிசோதனை மூன்று மாதத்தில். அன்றும் மருந்தளவையும் கொழுப்பையும் ஒரே வேளை ரத்தத்தில் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.